நெஞ்சுக்கூட்டில் கேட்கும் இசை: பேஸ் ஒலியும் கிங்ஸ்டன் தெருக்களும்

இசையைக் காதால் கேட்கிறோம் என்பது பாதி உண்மைதான். திறந்தவெளி நிகழ்ச்சியொன்றில் ஆளுயர ஒலிபெருக்கிகளின் முன்னால் நின்றிருக்கும் எவரும் மீதிப் பாதியை அறிவர். பாடகரின் குரல் காதை வந்தடைகிறது. பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலியோ விலா எலும்புகளையும் அடிவயிற்றையும் உள்ளங்கால்களையும் வந்து தொடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரத்தை எழுதிய சார்ங்கதேவர், மந்த்ர ஸ்தாயி இதயத்திலும் மத்திய ஸ்தாயி தொண்டையிலும் தார ஸ்தாயி தலையிலும் பிறப்பதாகச் சொன்னார். அவர் பேசியது பாடுபவரின் உடலைப் பற்றி. மின்சாரமும் ஒலிபெருக்கியும் வந்தபின் அக்கூற்று கேட்பவரின் உடலுக்கும் பொருந்துவதாகிவிட்டது.

இந்தத் தாழொலி மனத்தை என்ன செய்கிறது? இக்கேள்விக்கு வெகுஜன ஊடகங்களில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. பேஸ் ஒலி மனிதனை விடுவிக்கிறது, பரவசத்தில் ஆழ்த்துகிறது என்பது ஒன்று. அது மூளையை மழுங்கடித்து வன்முறைக்குத் தூண்டுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பொதுவான ஓர் அவசரம் உண்டு. இரண்டுமே ஒலியை ஒரு மருந்தாகப் பாவிக்கின்றன. இத்தனை அளவு உட்கொண்டால் இன்ன விளைவு என்று கணக்குச் சொல்லிவிடப் பார்க்கின்றன. தாழொலியை ஒரு சமூகம் தேடிக் கண்டடைந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் சித்திரம் வேறாகத் தெரிகிறது. அந்த வரலாறு ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் தொடங்குகிறது.

ஓர் இயற்பியல் முன்குறிப்பு

கிங்ஸ்டனுக்குப் போகுமுன் சில எளிய தகவல்கள் தேவைப்படுகின்றன. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். சராசரியான ஒரு வீட்டு அறையைவிட நீளமானது. உயர்ந்த ஒலிகளைச் சுவரும் திரைச்சீலையும் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியை அவற்றால் எளிதில் தடுக்க முடியாது. பக்கத்துத் தெருத் திருமண வீட்டிலிருந்து பாட்டின் வரிகள் எதுவும் கேட்காமல் அடி மட்டும் நம் சன்னல் கம்பிகளை அதிரவைப்பதன் காரணம் இதுவே.

இன்னொரு தகவல் இன்னும் முக்கியமானது. நம் காது தாழொலியைப் பொறுத்தவரை மந்தமானது. 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வரைபடமாக்கினர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியொன்று 40 டெசிபலில் எவ்வளவு உரக்கத் தோன்றுகிறதோ, அதே உரப்பை 50 ஹெர்ட்ஸில் பெற 70 டெசிபலுக்கும் மேல் வேண்டும். 30 டெசிபல் வேறுபாடு என்றால் ஆற்றலில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆகவே பேஸ் வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும், பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டும், நிறைய மின்சாரம் வேண்டும். சிறிய வானொலிப் பெட்டியின் வழியே உலகம் இசை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் தாழொலி ஓர் ஆடம்பரமாக இருந்தது. அந்த ஆடம்பரத்தை உலகில் முதன்முதலாகத் தங்களுடைய அன்றாடமாக ஆக்கிக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் கிங்ஸ்டனின் ஏழைகள் என்பதுதான் வியப்பு.

முற்றத்தில் பிறந்த ஒலி

1940களின் இறுதி. ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. உயர்தர விடுதிகளில் வாத்தியக் குழுக்கள் வாசித்தன. அங்கே நுழைய கிங்ஸ்டனின் மேற்குப் பகுதிச் சேரிகளில் வாழ்ந்த மக்களுக்குப் பணமுமில்லை, வரவேற்புமில்லை. நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குவிந்த அம்மக்கள், மியாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலி நிலையங்களிலிருந்து இரவில் மிதந்துவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களுக்கு அடிமைப்பட்டிருந்தனர். வாத்தியக் குழுவை அமர்த்த முடியாதவர்கள் இசைத்தட்டுகளைப் போட்டு ஆடத் தொடங்கினர். இதற்கென உருவானதே சவுண்ட் சிஸ்டம். நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர்களை நினைத்துக்கொண்டால் அதன் வெளித்தோற்றம் பிடிபடும்: ஒரு தட்டுச்சுழலி, ஒரு ஆம்ப்ளிஃபயர், சில ஒலிபெருக்கிகள், ஒரு வண்டி. வேறுபாடு என்னவென்றால், நம்மூரில் அது விழாவுக்குத் துணை. கிங்ஸ்டனில் அதுவே விழா.

சீன வம்சாவளியைச் சேர்ந்த இரும்புச்சாமான் வியாபாரி டாம் வாங், 'டாம் த கிரேட் செபாஸ்டியன்' என்ற பெயரில் நடத்திய சவுண்ட் சிஸ்டம் ஆரம்பகாலத்தில் புகழ்பெற்றது. அதன் ஆம்ப்ளிஃபயரைச் செய்து கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ராடார் தொழில்நுட்பம் பயின்று ஊர் திரும்பியவர் அவர். இசைத்தட்டுக் கடை நடத்திய ஜோன்ஸ், தாழொலி, நடுவொலி, மேலொலி ஆகியவற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய பெருக்கியை வடிவமைத்தார். எதிரி விமானங்களைக் கண்டறியக் கற்ற மின்னணுவியல், சேரி மக்களின் சனிக்கிழமை இரவுகளுக்குப் பயன்பட்ட கதை இது.

1950களில் முன்னாள் போலீஸ்காரரான ட்யூக் ரீட், காக்ஸ்ஸன் டாட், பின்னர் பிரின்ஸ் பஸ்டர் ஆகியோரிடையே கடும் போட்டி நிலவியது. யாரிடம் அரிய இசைத்தட்டு இருக்கிறது, யாருடைய ஒலி தெருக்கோடி வரை கேட்கிறது என்பதே போட்டி. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அவர் வென்றவர். பெட்டிகள் அலமாரி அளவுக்கு வளர்ந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழொலியின் மீதான இந்த மோகத்தை எந்தப் பெருநிறுவனமும் விளம்பரத்தால் உருவாக்கவில்லை. கேட்பவர்களின் உடல் தெரிவுசெய்தது; தொழில்நுட்பம் அதைப் பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் வந்து, ஜமைக்கர் விரும்பிய வகைப் பாடல்கள் குறைந்தபோது, சவுண்ட் சிஸ்டம் உரிமையாளர்கள் தாங்களே பாடல்களைப் பதிவுசெய்யத் தொடங்கினர். அப்படித்தான் ஸ்கா பிறந்தது. 1962 ஆகஸ்ட் 6இல் நாடு விடுதலை பெற்றது. 1966 வாக்கில் ராக்ஸ்டெடி வந்தது. தாளம் மெதுவாகியது, மெதுவானதால் உண்டான இடைவெளிகளில் பேஸ் கிதார் தனக்கான மெட்டோடு நடமாடத் தொடங்கியது. 1968இல் ரெகே வந்தபோது பழைய அதிகாரவரிசை தலைகீழாகியிருந்தது. கிதாரும் பியானோவும் தாளத்தைத் தட்டிக்கொடுக்க, மெட்டைப் பேஸ் பாடியது.

குரலை நீக்கியபோது

இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் ஒரு கைத்தவறால் நிகழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர், பாரகன்ஸ் குழுவின் பாடலொன்றுக்குத் தனிப்பிரதி வெட்டிக்கொள்ள ட்யூக் ரீடின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார். பொறியாளர் பாடகர்களின் குரல்தடத்தைச் சேர்க்க மறந்துவிட்டார். வாத்தியங்கள் மட்டும் ஒலித்த அந்தத் தட்டை ரெட்வுட் தூக்கியெறியவில்லை. அன்றிரவு நடனத்தில் முதலில் குரலோடு கூடிய பிரதியைப் போட்டார். அடுத்து குரலற்றதைப் போட்டார். கூட்டம் விடுபட்ட வரிகளைத் தானே பாடியது.

தாழொலியின் உளவியலில் இந்த இரவு ஒரு திறவுகோல் என்றே சொல்வேன். பாடகரின் குரல் நம்மை நோக்கிப் பேசுவது. அது நம்மைக் கேட்பவராக இருத்தி வைக்கிறது. குரல் அகன்று முரசும் பேஸும் மட்டும் எஞ்சும்போது நடுவில் ஒரு காலியிடம் உண்டாகிறது. அங்கே கூட்டம் தன் குரலோடு நுழைகிறது. இதன் பிறகு ஒவ்வோர் இசைத்தட்டின் மறுபக்கத்திலும் குரலற்ற 'வெர்ஷன்' இடம்பெறுவது ஜமைக்காவின் வழக்கமாயிற்று. அதன்மேல் பேசிப் பாடியவர்கள் 'டீஜே' எனப்பட்டனர். கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11இல் செட்ஜ்விக் அவென்யூவில் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அவர் அங்கே கொண்டுசென்றவற்றில் ஒன்று கனத்த பேஸ் பெட்டிகளின் மீதான ஜமைக்க நம்பிக்கை.

வெர்ஷனைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். வானொலி பழுதுபார்ப்பவர், மின்மாற்றிகளைத் தாமே சுற்றிக்கொள்ளும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர். வாட்டர்ஹவுஸ் என்ற வறிய பகுதியில் தம் வீட்டையே ஒலிக்கூடமாக்கியிருந்தார். முழு வாத்தியக் குழுவும் அமர அங்கே இடமில்லை. ஏற்கெனவே பதிவான நாடாக்களை நான்கு தடக் கலவைமேசையில் இட்டு, ஒலிகளை நீக்கியும் சேர்த்தும் எதிரொலிக்கவிட்டும் புதிய வடிவங்களை உண்டாக்கினார். இதுவே டப். அவரது மேசையில் தாழொலியைப் படிப்படியாக வடித்தெடுக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. அதைத் திருகினால் அடித்தளம் மெல்லக் கரைந்து பாட்டு காகிதம்போல் மெலிந்து காற்றில் மிதக்கும். பிறகு சட்டென்று பேஸ் திரும்பி வந்து காலடியில் தரையை வைக்கும். இன்றைய நடன இசைக்காரர்கள் 'டிராப்' என்று கொண்டாடும் உத்திக்கு அவர் முன்னோடி. தொடர்ந்து ஒலிக்கும் பேஸ் பழகிப்போகிறது. இழந்து மீளப்பெறும் பேஸ் நிம்மதியாகிறது. இதை எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குச் சொல்லவில்லை. எதிரே ஆடிய கூட்டத்தின் தோள்கள் சொல்லின.

அந்த நிம்மதி எந்தச் சூழலில் தேடப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1970களின் கிங்ஸ்டன் இரு பெரும் கட்சிகளின் ஆயுதக் கும்பல்களால் துண்டாடப்பட்ட நகரம். 1976இல் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. 1980 தேர்தல் ஆண்டில் ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டனர். சவுண்ட் சிஸ்டங்களைக் காவல்துறை அடித்து நொறுக்குவதும் உண்டு. டப்பியின் சொந்தப் பெட்டிகளுக்கே அது நேர்ந்தது. 1989இல் டப்பி தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய நகரத்தில் நெஞ்சை அழுத்தும் தாழொலி ஒரு கேளிக்கையாக மட்டும் இருந்திருக்க முடியாது. அது சில மணிநேரங்களுக்கு ஒரு கூரையாகவும் இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் சாட்சியம்

கிங்ஸ்டன் உடலால் அறிந்ததை அறிவியல் தாமதமாகவே அளக்கத் தொடங்கியது. 2000இல் நீல் டாட், ஃபிரெட்ரிக் கோடி ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சுவையான முடிவை வெளியிட்டனர். உட்காதில் கேட்கும் உறுப்போடு சேர்ந்தே சமநிலை உறுப்புகளும் இருக்கின்றன. அவற்றிலொன்றான சாக்யூல் என்ற சிறு பை, மீன்களில் கேட்கும் உறுப்பாகவே பணிசெய்கிறது. மனிதரிடத்திலும் அது முற்றிலும் செவிடாகிவிடவில்லை. ஏறத்தாழ 90 டெசிபலைத் தாண்டிய தாழ்ந்த ஒலிகளுக்கு அது எதிர்வினை காட்டுகிறது. அப்படியானால் உரத்த பேஸ் நம் மூளைக்குக் கேட்கப்படும் ஒலியாக மட்டுமின்றி, உடல் அசைக்கப்படும் உணர்வாகவும் போய்ச் சேருகிறது. ஊஞ்சலில் கிடைக்கும் இன்பத்துக்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

2014இல் மைக்கேல் ஹோவ், லாரல் ட்ரெய்னர் முதலியோர் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டனர். உலகின் பல இசைமரபுகளில் தாளத்தின் அடித்தளத்தைத் தாழ்ந்த கருவிகளே ஏற்பது ஏன்? ஒரே நேரத்தில் உயர்ந்த ஒலியொன்றும் தாழ்ந்த ஒலியொன்றும் சீராக ஒலிக்க, இடையிடையே ஒன்றை மட்டும் 50 மில்லிவினாடி முந்தி ஒலிக்கவிட்டனர். தாழொலி பிசகியபோது மூளையின் மின்னலைகள் கூடுதலாக எதிர்வினை காட்டின; தாளம் தட்டிய விரல்களும் அதையே அதிகம் பின்பற்றின. அதாவது காலத்தைப் பொறுத்தவரை நாம் தாழொலியையே கடிகாரமாக நம்புகிறோம்.

அதே ஆண்டு அமெரிக்காவில் டெனிஸ் ஷூ தலைமையிலான குழு, ஒரே இசைத்துண்டின் பேஸ் அளவை மட்டும் கூட்டியும் குறைத்தும் இரு குழுக்களுக்குக் கேட்கவைத்தது. கூடுதல் பேஸ் கேட்டவர்கள் தம்மை அதிக ஆற்றல் வாய்ந்தவர்களாக உணர்வதாகத் தெரிவித்தனர். குறைபட்ட சொற்களை நிரப்பச் சொன்னபோது அதிகாரம் சார்ந்த சொற்களை அதிகம் எழுதினர். விளையாட்டு வீரர்கள் களமிறங்குமுன் காதில் மாட்டிக்கொள்ளும் பாடல்களை நினைத்தால் இது விளங்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 2022இல் வெளியான ஆய்வு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கருவிகள் பொருத்தப்பட்ட ஓர் அரங்கம் உண்டு. அங்கே மின்னணு இசைக் குழுவொன்றின் உண்மையான கச்சேரி நடந்தது. காதுக்குப் பிடிபடாத அளவு மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெட்டிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தனர். அவை இயங்கிய நேரங்களில் ஆடுவோரின் அசைவு சராசரியாக 11.8 விழுக்காடு கூடியது. தனியே சோதித்தபோது அந்த ஒலியின் இருப்பை எவராலும் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேளாத ஒலி உடலை ஆட்டுவித்திருக்கிறது.

இதைப் படித்தவுடன் சிலருக்கு அச்சம் தோன்றும். நம்மை அறியாமலே நம்மை இயக்கும் மந்திரம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதோ என்று. சற்று நிதானித்தால் ஆய்வின் நுட்பம் புலப்படும். சும்மா அமர்ந்திருந்தவர் எவரையும் அந்த ஒலி எழுப்பி ஆடவைத்ததாக அதில் இல்லை. விரும்பி வந்தவர்கள், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள், இன்னும் சற்று அதிகம் ஆடினார்கள். தாழொலி ஓர் ஆசையைப் படைக்கவில்லை. இருந்த ஆசையின் எடையைக் கூட்டியது.

மேளம் அடித்தால் சாமி வருமா?

இதே விவாதம் மானுடவியலில் முன்பே நடந்திருக்கிறது. 1962இல் ஆண்ட்ரூ நெஹர், சடங்குகளில் முரசின் சீரான அடி மூளையலைகளைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்வதாலேயே மக்கள் ஆவேச நிலை எய்துகிறார்கள் என்று வாதிட்டார். 1980இல் இசையையும் ஆவேசத்தையும் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரெஞ்சு அறிஞர் கில்பெர் ரூஷே இதைக் கடுமையாக மறுத்தார். முரசொலி தானாகவே ஆவேசத்தைத் தருமானால், முரசு ஒலிக்கும் இடங்களிலெல்லாம் பாதி உலகம் எந்நேரமும் ஆவேசத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அருள் வருவதற்கு இசை வேண்டும்; ஆனால் நம்பிக்கையும் நினைவும் எதிர்பார்ப்பும் சமூகமும் இல்லாமல் இசை மட்டும் அதைச் செய்வதில்லை.

நம் கோயில் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. உறுமியும் பறையும் எல்லோர் காதிலும்தான் விழுகின்றன. சாமி சிலருக்கே வருகிறது. அதுவும் அந்தக் குறிப்பிட்ட அடிக்கு, அந்தக் குறிப்பிட்ட சன்னிதியில். காலனி ஆட்சியில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல்கடந்த சென்னை மாகாணத்தவரின் வழித்தோன்றல்கள் கயானாவில் இன்றும் காளி வழிபாடு நடத்துகிறார்கள். தமிழை மறந்துவிட்ட அச்சமூகத்தில் தப்பு அதே பெயரோடு வாழ்கிறது. அந்த அடிக்குச் சாமி இறங்குகிறது. மொழி கரைந்த பிறகும் ஓர் ஒலியின் பொருளைச் சமூகம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அதே கரீபியன் உலகில், ஜமைக்காவின் ரஸ்தஃபாரிகள் தம் நயபிங்கிக் கூடுகைகளில் மூன்று முரசுகளை இசைப்பார்கள். அவற்றில் பெரியது பேஸ். உறையிட்ட கோலால் அடிக்கப்படும் அதன் ஒலியை இதயத்துடிப்புக்கு ஒப்பிடுவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் ஜமைக்கத் தோட்ட முதலாளிகள் அடிமைகள் முரசடிப்பதைச் சட்டத்தால் தடுக்க முயன்றனர். முரசொலி கலகத்துக்கு அழைப்பு விடுக்கும் என்பது அவர்களின் பயம். எனவே கிங்ஸ்டனின் ஒலிபெருக்கியிலிருந்து வந்த தாழொலி அந்த மக்களின் காதில் வெறும் 50 ஹெர்ட்ஸாக விழவில்லை. தடைசெய்யப்பட்ட முரசின் நினைவும் அதில் கலந்திருந்தது. 1960இல் முரசுக் கலைஞர் கௌண்ட் ஆஸியின் குழுவைப் பிரின்ஸ் பஸ்டர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்து பாடலொன்றில் வாசிக்கவைத்தபோது அந்தத் தொடர்ச்சி வெளிப்படையாயிற்று.

சுவருக்கு இப்புறமும் அப்புறமும்

1948க்குப் பின் ஜமைக்கர்கள் பெருமளவில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தபோது சவுண்ட் சிஸ்டமும் உடன் சென்றது. 1950களின் நடுவில் ட்யூக் வின் லண்டனில் முதல் சவுண்ட் சிஸ்டங்களில் ஒன்றை அமைத்தார். வெள்ளையரின் கேளிக்கை விடுதிகள் கறுப்பினத்தவரை வாசலிலேயே திருப்பியனுப்பிய காலம். வாடகை வீடுகளின் நிலவறைகளில், மரச்சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு, சுவரளவு பெட்டிகளை நிறுத்தி இரவு முழுக்க ஆடினார்கள். குளிரும் அவமதிப்பும் நிறைந்த நகரத்தில் தங்களைச் சுற்றி ஒலியால் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.

1973இல் நாட்டிங் ஹில் திருவிழாவுக்குள் சவுண்ட் சிஸ்டங்கள் நுழைந்தன. 1976இல் அவ்விழா காவல்துறையுடனான பெரும் மோதலில் முடிந்தது. லண்டனில் வளர்ந்த ஜமைக்கக் கவிஞர் லிண்டன் க்வேசி ஜான்சன் 1980இல் வெளியிட்ட தம் இசைத்தொகுப்புக்கு 'பேஸ் கல்ச்சர்' என்றே பெயரிட்டார். அவருடைய கவிதைகளின் அசைகள் ரெகேயின் பேஸ் நடையில் நடப்பவை. ஆங்கில யாப்பு கரீபிய அனுபவத்தைத் தாங்காது என்று கவிஞர் காமோ பிராத்வெய்ட் வாதிட்டு வந்த காலம் அது. மாற்று யாப்பை ஜான்சன் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்துக்கொண்டார். இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தாழொலி உடலை மட்டும் மாற்றவில்லை. ஒரு மொழியின் கவிதை நடையையும் மாற்றியிருக்கிறது.

ஆனால் சுவருக்கு அப்புறம் உறங்க முயன்றவர்களும் இருந்தார்கள். அவர்களின் அனுபவமும் இவ்வரலாற்றின் பகுதிதான். திரைப்பட இயக்குநரும் ஆய்வாளருமான ஜூலியன் ஹென்ரிக்ஸ், சவுண்ட் சிஸ்டத்தின் முன் நிற்பவர் ஒலியின் ஆதிக்கத்துக்குத் தம்மை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொடுக்கிறார் என்று எழுதினார். சத்தத்தின் போர்ப் பயன்பாடுகளை ஆராய்ந்த ஸ்டீவ் குட்மன், அதே அதிர்வு அச்சத்தின் கருவியாகவும் ஆகக்கூடியது என்று காட்டினார். அவரே பேஸ் இசைக் கலைஞர் என்பது கருதத்தக்கது. ஈராக்கிலும் குவாண்டனாமோவிலும் அமெரிக்கச் சிறைக்காவலர்கள் கைதிகளின் உறக்கத்தைக் கெடுத்து மனவுறுதியைச் சிதைக்க உரத்த இசையைப் பயன்படுத்தினர். நடன அரங்கில் ஆசைப்பட்டுக் கேட்ட உரப்பும் அங்கே மனிதரை உடைத்த உரப்பும் பௌதிகத்தில் ஒன்றேதான். விசையின் மீது இருந்த கை வேறு; கதவைத் திறந்து வெளியேறும் உரிமை வேறு.

விசை யார் கையில்

இந்த இடத்தில் நம் ஊருக்குத் திரும்பலாம். ஊர்வலங்களில் லாரி நிறைய அடுக்கிவரும் சப்வூஃபர் பெட்டிகள் இன்று இந்தியா முழுவதும் பழகிப்போன காட்சி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. இந்த டெசிபல் 'ஏ' எடையிடல் முறையில் அளக்கப்படுவது. அதாவது காதின் மந்தத்தை அளவுகோலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அம்முறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏறத்தாழ 30 டெசிபல் கழிக்கப்படும். 85 டெசிபல் அழுத்தத்தோடு நம் கட்டிலை அதிரவைக்கும் அத்தகைய ஒலி கருவியில் 55 என்றே காட்டும். பகல் வரம்பு மீறப்படவில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போகலாம். உடல் கேட்கும் ஒலியைச் சட்டத்தின் காது கேட்பதில்லை.

ஜமைக்காவும் 1997இல் இரவொலியைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. தெருநடனங்களை நம்பிப் பிழைப்போருக்கும் உறக்கம் வேண்டுவோருக்கும் இடையிலான வழக்கு அங்கே தொடர்கிறது. உடலுக்கு நேரும் கேடும் கற்பனையல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலுக்கு மேல் போகலாகாது என்று வரையறுத்தது. இழந்த செவித்திறன் திரும்பாது.

எனினும் பேஸ் ஒலி மனிதனை வெறியனாக்குகிறது என்ற எளிய தீர்ப்பை இவ்வரலாறு ஏற்கவில்லை. அது மனிதனை விடுதலை செய்கிறது என்ற எளிய புகழ்ச்சியையும் ஏற்கவில்லை. தாழொலி உடலை நேரடியாகத் தொடுகிறது, காலத்தை உறுதிப்படுத்துகிறது, பலம் வந்த உணர்வைத் தருகிறது. இவை அளந்தறியப்பட்டவை. அந்தப் பலம் எதற்கு என்பதை ஒலி சொல்வதில்லை. இடமே இல்லாதிருந்த மக்கள் அதைக் கொண்டு தமக்கோர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இடமெல்லாம் தமதே என்று நினைப்பவர்கள் கையில் அதுவே, அடுத்தவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிறது. தெருமுனையில் அடுத்தமுறை பெட்டிகள் அதிரும்போது ஒலி எவ்வளவு என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: இது யாருடைய நெஞ்சுக்காக ஒலிக்கிறது, அங்கிருந்து விலகிச் செல்ல யாருக்கு வழி இருக்கிறது?